செல்லக்காவின் கைராசி

முப்பத்தேழு டிகிரி. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செல்லக்காவுக்குப் பொழுது இந்த எண்ணில்தான் விடிகிறது. ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடி, தாழ்வாரத்தின் கடைசி அறை, அங்கே துணி அலமாரி உயரத்துக்கு ஓர் இன்குபேட்டர். அதன் நெற்றியில் எரியும் பச்சை எண் முப்பத்தேழு என்று காட்டினால் அவர் கைப்பையைக் கீழே வைப்பார். குறைந்தாலோ கூடினாலோ கைப்பை தோளிலேயே தொங்கும். அன்றைக்கு நடை கிடையாது, ஓட்டம்தான்.

பெட்டிக்குள் இருப்பவை உயிருள்ள செல்கள். மனிதத் தோலிலிருந்தும் எலியின் சிறுநீரகத்திலிருந்தும் எடுத்தவை. உடம்பை விட்டு வந்த பிறகும் உடம்புக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு வளர்கின்றன. அந்த நினைப்பு கலையாமல் பார்த்துக்கொள்வது செல்லக்காவின் உத்தியோகம். உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். மீடியா என்கிற சிவப்புத் திரவத்தை ஊற்றி ஊட்ட வேண்டும். அழுக்கான திரவத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். தட்டு நிறைந்துவிட்டால் பாதியைப் பிரித்து வேறு தட்டில் குடிவைக்க வேண்டும். ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் எதுவும் செல்களுக்குத் தெரியாது.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. செல் வளர்க்கிற அக்கா, செல் அக்காவாகி, செல்லக்காவாகிவிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான் என்று வாசல் காவலருக்கு நம்பிக்கை. "நல்ல பேரும்மா. வீட்ல ரொம்பச் செல்லம் போல" என்று ஒருநாள் சொன்னார். செல்லக்கா திருத்தவில்லை. திருத்துவதற்கும் தெம்பு வேண்டும்.

பட்டப்பெயர் இன்னொன்றும் உண்டு: கைராசிக்காரி. ஒரே மீடியா, ஒரே தட்டு, ஒரே பெட்டி. ஆனாலும் இவர் ஊட்டினால் செல்கள் தழைக்கும், மற்றவர்கள் ஊட்டினால் சுணங்கும். பட்டம் மேல் பட்டம் வாங்கியவர்கள், எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆதாரம் கேட்டதில்லை. "உங்க கை பட்டா போதும்க்கா" என்பார்கள். காரணம் தெரியாத இடத்தில் கைராசி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான்.

ராசியான கைக்கு லீவு மட்டும் கிடையாது. தொடர்ந்து இரண்டு நாள் அந்த அறைக்கு வராமல் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. தங்கை கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு முன்பே கிளம்பி வந்திருக்கிறார். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுங்கக்கா" என்று போன் வரும். ஒரு எட்டு என்பது இரண்டு பஸ்.

அந்த அறையில் அடிக்கடி புழங்கும் சொல் 'பிரிவது'. ஒரு செல் தன்னுள் இருக்கும் டி.என்.ஏ என்கிற மரபிழையை இரட்டித்துக்கொண்டு, உருண்டு திரண்டு, இடுப்பு சிறுத்து, இரண்டாகும். பிரிந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ, பிரியாவிட்டால் எல்லோர் முகமும் தொங்கும். ஒருமுறை செல்லக்கா வீட்டு மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்: "நானும் பாக்கறேன் மேடம், பிரியவே மாட்டேங்குது. நாளைக்கும் பிரியலேன்னா தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்." கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் காதில் இது விழுந்தது. அன்று மாலையே மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, செல்லக்காவின் கணவரைத் தனியே கூப்பிட்டார்.

"இந்த வயசுல போய் பிரிவு கிரிவுன்னு என்ன தம்பி பேச்சு? உக்காந்து பேசினா தீராததா?"

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பதறாமல் பேசிப் பழகியவர். முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "நான் பிரிய மாட்டேன்னுதாம்மா சொல்றேன். அவதான் அவசரப்படறா."

இன்றுவரை அந்த அம்மாள் செல்லக்காவிடம் சற்று வருத்தத்தோடுதான் பேசுகிறார்.

வீட்டில் இருவருக்கும் களைப்பு உண்டு. கணவருக்கு முழங்காலில், செல்லக்காவுக்குத் தலையில். ஒற்றைத் தலைவலி வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலிருந்தே அநேகமாகத் தினமும் கூட வருகிறது. வலது பொட்டில் ஆரம்பித்துக் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சம் பட்டால் சுத்தியலால் அடிப்பதுபோல் இருக்கும். இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு புது டாக்டர் ஒரு புது மாத்திரை கொடுத்தார். கேட்டது. வலி மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் விருந்தாளியாகிவிட்டது. இந்த ஆண்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று செல்லக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

கெட்ட காரியம் லேபில் நடந்தது.

செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு உணவை எரிக்கும் சின்னச் சின்ன உலைகள் இருக்கின்றன. எரிகிற இடத்தில் பொறி பறக்கும். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் அந்தப் பொறிகள் கண்டதையும் பிடித்துக் கடிக்கும் குணமுள்ளவை. அவற்றின் நீளமான ஆங்கிலப் பெயரைச் சுருக்கி லேபில் 'ரோஸ்' என்பார்கள். அதை ஆராய்ச்சி செய்ய வந்த பெண்ணுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. யாராவது ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் மூக்கு சிவக்க எழுந்து போய்விடுவாள் என்பதால், போகப் போக அது ரோசக்காரி என்று முற்றிவிட்டது.

ரோசக்காரியின் கேள்வி இது. பாலூட்டிகளின் செல்லில், அது எலியானாலும் மாடானாலும் மனிதனானாலும், இந்தப் பொறி கொஞ்சமாக இருந்தால் கெடுதல் இல்லை. 'பிரி' என்கிற உத்தரவு உள்ளே வேகமாகப் போவதற்கு அதுவே உதவுகிறது. அளவு ஏறினால் மரபிழையில் கீறல் விழுகிறது. செல்லின் சோதனைச்சாவடிகள் கதவை அடைத்துவிடுகின்றன. கீறல் சரியாகும்வரை பிரிவு நிற்கும். இன்னும் ஏறினால் அந்தச் செல் இனிப் பிரியவே பிரியாத கிழமாகிவிடும், அல்லது செத்துப்போகும். முன்னால் தள்ளுகிற கை எந்த அளவில் கழுத்தைப் பிடிக்கிற கையாக மாறுகிறது? அதைக் கண்டுபிடிக்க வரிசை வரிசையாகத் தட்டுகளில் செல்களை வளர்த்து, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே அந்த மருந்தை, ஹைட்ரஜன் பெராக்சைடை, கண்ணுக்குத் தெரியாத அளவுகளில் கூட்டிக் கூட்டிச் சேர்ப்பாள். ஒரு வரிசையில் மட்டும் எதையும் சேர்க்கமாட்டாள். மற்றதை ஒப்பிட்டுப் பார்க்க அது. லேபில் அதற்குச் 'சும்மா தட்டு' என்று பெயர்.

செல்கள் யாரோ ஒருவர் அறுவைச் சிகிச்சையின்போது கொடுத்துவிட்டுப் போன தோல்துண்டிலிருந்து வந்தவை. ஒரே ஆளின் செல்களில்தான் மூன்று வருட அளவுகள் அத்தனையும் எடுக்கப்பட்டிருந்தன. வேறு ஆளின் தோலுக்கு மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வகைச் செல்களுக்கு ஆயுளும் கணக்குத்தான். புற்றுச் செல்களைப்போல் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்காது. அதனால் இளமையிலேயே கொஞ்சத்தைச் சின்னக் குப்பிகளில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்தார்கள். அடைத்தவர் செல்லக்கா. இந்த வருடம் தொடங்கும்போது மூன்று குப்பி மிச்சமிருந்தது.

முதல் குப்பியைத் திறந்து வளர்த்தார்கள். சில வாரம் பரவாயில்லாமல் பிரிந்தவை பிறகு தயங்கின. பிறகு நின்றன.

"சும்மா எப்படிக்கா இருக்கு?" என்று ரோசக்காரி வாசலிலிருந்தே கேட்டாள்.

செல்லக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மாவே நின்னுடுச்சும்மா."

"சும்மாவே நின்னா மத்ததப் பாத்து என்ன பிரயோஜனம்?"

"ஒண்ணுமில்ல. கழுவி வெச்சுடறேன்."

இரண்டாவது குப்பியும் அப்படியே. செல்கள் தட்டில் தட்டையாகப் பரந்து, ஓரங்கள் கிழிந்த பழைய துணி மாதிரி கிடந்தன. உருண்டு திரண்டு பிரியத் தயாராகும் செல் மைக்ரோஸ்கோப்பில் முத்துப்போல் மினுங்கும். எத்தனை தட்டு மாற்றிப் பார்த்தாலும் ஒரு முத்தும் இல்லை. அதே பெட்டியில் பக்கத்துத் தட்டில் புற்றுச் செல்கள் மட்டும் வழக்கம்போல் அடைத்துக்கொண்டு வளர்ந்தன. அவை எதற்கும் அசராதவை.

செல்லக்கா தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தார். இன்குபேட்டரைக் கழற்றிக் கழுவினார். தண்ணீரை மாற்றினார். மீடியாவில் கலக்கும் சீரத்தை மாற்றினார். கையுறையின் பவுடர் ஆகவில்லையோ என்று வேறு கையுறை வாங்கச் சொன்னார். கடைசியில் தன் கையையே பார்க்க ஆரம்பித்தார். திரவத்தை உறிஞ்சும் பைப்பெட்டைப் பிடிக்கும்போது நடுங்குகிறதா? முன்பு ஒரு மூச்சில் செய்ததை இப்போது இரண்டு மூச்சில் செய்கிறோமா? ஐம்பது தாண்டியாகிவிட்டது. வீட்டில் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போதுகூட விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, தண்ணியும் பிரியலியா?" என்றார் கணவர்.

"கை போயிடுச்சோன்னு பாக்கறேன்."

"கை போனா மணிக்கட்டோட போகும். அது இருக்குதே."

செல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவர் அதைக் கவனித்து, டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

லேபில் எவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் டீக்கடை வரை பேச்சுப் போயிருந்தது. கைராசி போச்சு. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய ஒருவர் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டனுப்பினார். லேபின் தலைவி, பேராசிரியை, எல்லோருக்கும் மேடம். நல்லவர்தான். கெட்ட செய்தியைச் சொல்லும்போது மேசை மேலிருக்கும் பேனாக்களை வரிசையாக அடுக்குவார். அன்றைக்கு எல்லாப் பேனாவும் அடுக்கியாகிவிட்டது.

"உக்காருங்கக்கா. இருக்கறது ஒரே குப்பி. அதுவும் போச்சுன்னா இந்தப் பொண்ணோட வேல அவ்வளவுதான்."

"தெரியும் மேடம்."

"கடைசிய அவளே திறக்கட்டும். ஊட்டறதும் அவளே பாத்துக்கட்டும். நீங்க திங்கக்கிழமையிலேர்ந்து கொஞ்ச நாள் ஸ்டோர் பாருங்க. உங்களுக்கும் ரெஸ்ட் ஆச்சு."

"கொஞ்ச நாள்னா?"

மேடம் ஒரு பேனாவை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "பாப்போம்க்கா."

ஸ்டோர் என்பது தரைத்தளத்தில் ஜன்னலில்லாத அறை. கையுறைப் பெட்டிகளும் ஆசிட் பாட்டில்களும் இருக்கும். அங்கே எதுவும் வளராது. அங்கே போனவர்கள் மாடிக்குத் திரும்பி வந்து செல்லக்கா பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருடம் 'ஒரு நாள் விடமாட்டேங்கறாங்களே' என்று அலுத்துக்கொண்ட அதே அறையை விட்டுப் போ என்றதும் போக மனசில்லை. அலுப்பும் பாசமும் ஒரே அறையில் இத்தனை வருடம் குடியிருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

தாழ்வாரத்தில் ரோசக்காரி நின்றுகொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"நான் கேக்கலக்கா. சத்தியமா நான் சொல்லல. என் கை பட்டா பூசணமே செத்துடும். எனக்குப் போய்க் கடைசிக் குப்பியக் குடுக்கறாங்க."

"பயப்படாம செய். குப்பிய வெந்நீர்ல ரொம்ப நேரம் ஆட்டாத."

"நீங்களும் இப்படிப் பேசினா எப்படி? நாலு திட்டாவது திட்டுங்க."

"திட்டறதுக்கு யாரு இருக்கா? போ, எனக்குத் தல வலிக்குது."

வலி நிஜமாகவே வந்துவிட்டது. மாத்திரை, விருந்தாளி, எல்லாக் கணக்கையும் தாண்டி, மத்தியானத்துக்குள் வலது கண் திறக்க முடியாத அளவுக்கு. செல் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக எல்லா விளக்கையும் அணைத்தார். தட்டுகளை வைத்து வேலை செய்யும் கண்ணாடி மேடைக்கு ஹூட் என்று பெயர். அதற்குள் எரியும் விளக்கையும் அணைத்தார். தாழ்வாரத்திலிருந்து கதவுக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவருக்கு அது போதும். அந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியும்.

கடைசி வேலை, இரண்டாவது குப்பியின் நின்றுபோன தட்டுகளை ஒழிப்பது. ப்ளீச் ஊற்றிச் சாகடித்துக் கொட்ட வேண்டும். ப்ளீச் மூடியைத் திருகியதும் அந்த நெடி கண்ணுக்குப் பின்னால் போய் உதைத்தது. மூடிவிட்டார். இன்றைக்கு முடியாது. திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போகும் முன் கொட்டிவிடலாம். ஆனால் அழுக்குத் தண்ணீரோடு அப்படியே விட்டுப் போகவும் கை கேட்கவில்லை. ஹூட்டுக்குள் நின்ற மீடியா பாட்டிலில் அடியில் ஒரு வாய்தான் மிச்சமிருந்தது. அதைக் கொட்டிவிட்டு, குளிர்பெட்டியின் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து புதுப் பாட்டில் ஒன்றை உடைத்து, இருட்டிலேயே எல்லாத் தட்டுக்கும் ஊட்டி, பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போன் வரவில்லை. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். கணவர் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, வாயசைவைப் பார்த்தே செய்தி கேட்டார்.

திங்கட்கிழமை முப்பத்தேழு டிகிரி. பழக்கம் விடுமா? கைப்பையைக் கீழே வைத்தார். ப்ளீச்சை எடுத்து வைத்துவிட்டு, ஒழிக்கும் முன் எல்லாத் தட்டையும் ஒரு பார்வை பார்ப்பதும் பழக்கம்தான். முதல் தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தார்.

ஒரு முத்து. அதன் பக்கத்தில் இரண்டாகிக்கொண்டிருக்கும் இன்னொன்று. தட்டை நகர்த்த நகர்த்த, மழை விட்ட பிறகு கம்பியில் நிற்கும் துளிகள்போல் அங்கங்கே முத்துகள்.

கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். வேறு யாருடைய தட்டையாவது எடுத்துவிட்டோமா என்று மூடியில் எழுதியிருந்ததைப் படித்தார். தன் கையெழுத்துத்தான். சும்மா தட்டு.

அரை மணி நேரத்தில் அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லை. மேடமே வந்து பார்த்தார். "நான்தான் சொன்னேனே, அக்கா கை அக்கா கைதான்!" என்றார். வெள்ளிக்கிழமை அவர் சொன்னது வேறு என்பதை எவரும் நினைவுபடுத்தவில்லை. "ஸ்டோர் கீர் எல்லாம் ஒண்ணும் வேணாம். கடைசிக் குப்பிய நீங்களே திறங்க. இந்த வாரமே."

செல்லக்கா மைக்ரோஸ்கோப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. சிரிக்கவேண்டும் என்று தோன்றியது. உதடு கொஞ்சம் அசைந்தது. அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது போதும்.

எல்லோரும் போன பிறகும் ரோசக்காரி போகவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்தாள்.

"வெள்ளிக்கிழம என்னக்கா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சும்மாதான் ஊட்டிட்டுப் போனேன்."

"சும்மான்னு சொல்லாதீங்கக்கா. அஞ்சு மாசமா அந்தச் சொல்லத்தான நம்பிக்கிட்டு இருந்தேன். கொட்டச் சொன்னதை ஏன் கொட்டல?"

"தல வலி. ப்ளீச் நெடி ஆகல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? புது பாட்டில் உடைச்சேன். லைட்ட அணைச்சுட்டு ஊட்டினேன். போயிட்டேன். கைராசி திரும்பி வந்துடுச்சுன்னு மேடமே சொல்லிட்டாங்கல்ல, நீ ஏன் நோண்டற?"

ரோசக்காரி நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள். "லைட்ட ஏன் அணைச்சீங்க?"

"வலிச்சா அணைப்பேன். எப்பவும் அப்படித்தான். உன்னக் கேளு, நீ வந்த புதுசுல 'என்னக்கா பேய் மாதிரி இருட்டுல நிக்கறீங்க'ன்னு நீதான் கேட்ட."

"இப்பல்லாம் அணைக்கறதில்லையே."

"இப்பத்தான் மாத்திரை கேக்குதே. ஆறேழு மாசமா நானும் மனுஷங்க மாதிரி வெளிச்சத்துல வேல செய்யறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது செல்லக்காவின் காதிலேயே விழுந்தது. இருவரும் ஹூட்டுக்குள் பார்த்தார்கள். பளீரென்ற வெள்ளை விளக்கு. அதன் நேர் கீழே, காலையிலிருந்து மாலை வரை, ஒரு பாட்டில் தீரும்வரை நாள்கணக்கில், மீடியா நிற்கும் இடம்.

மீடியாவில் செல்லுக்கு வேண்டிய வைட்டமின்கள் கலந்திருக்கின்றன. அதில் ஒன்று ரிபோஃப்ளேவின். வெளிச்சம் பட்டால், அதுவும் வெள்ளை விளக்கிலுள்ள நீலம் பட்டால், அது சும்மா இராது. கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கிளறிவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ரோசக்காரி துளித்துளியாகச் சேர்க்கும் அதே பொருள். புத்தகங்களில் இருக்கிறது. ரோசக்காரி படித்திருக்கிறாள், மேடம் பாடமே எடுத்திருக்கிறார். படித்தது தன் அறை விளக்கைப் பற்றித்தான் என்று இருவருக்கும் தோன்றவில்லை. கைராசி என்கிற சொல் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று மத்தியானம் இரண்டு புதுப் பாட்டில் எடுத்தார்கள். ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றினார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். இரண்டையும் ஹூட் விளக்கின் கீழே நிற்கவைத்தார்கள். மறுநாள் மாலை பெராக்சைடு பார்க்கும் தாள் துண்டுகளை நனைத்தார்கள். சுற்றிய பாட்டிலில் நனைந்த தாள் மீடியாவின் இளஞ்சிவப்போடு நின்றுவிட்டது. சுற்றாத பாட்டிலின் தாள் அதே சிவப்பில் தொடங்கி, மெல்ல நீலம் ஏறி, ஊதாவாயிற்று.

ரோசக்காரிதான் முதலில் சிரித்தாள். அது நல்ல சிரிப்பாக இல்லை.

"அப்ப அஞ்சு மாசமா சும்மா தட்டுக்கும் நான் மருந்து ஊத்தியிருக்கேன். எல்லாம் குப்பைக்கா. ஒரு அளவும் தேறாது."

"அதுக்கு முந்தினதெல்லாம்?"

"அது தேறும். அப்ப உங்களுக்குத் தல வலிச்சுக்கிட்டு இருந்துச்சு."

மற்றவர்கள் கை பட்டால் செல்கள் ஏன் சுணங்கின என்பதற்கும் விடை கிடைத்தது. அவர்களுக்குத் தலைவலி இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். வழக்கமான மீடியாவில் பைருவேட் என்று ஒன்று உண்டு, பெராக்சைடைத் துடைத்தெடுத்துவிடும். அதனால் அவர்களுடைய செல்கள் சுணங்கியதோடு தப்பின. ரோசக்காரியின் ஆராய்ச்சிக்கோ துடைப்பது இடைஞ்சல் என்று, பைருவேட் இல்லாத மீடியாவாகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அடி முழுக்க விழுந்தது.

செல்லக்கா ஊதாத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் தன் கையில் இல்லை என்பது ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஆறுதலோடு இன்னொன்றும் வந்தது. கையில் குற்றம் இல்லையென்றால், கையில் ராசியும் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஊர் மெச்சியது ஒரு தலைவலியை. தங்கை கல்யாணத்தில் பந்திக்கு முன்பே கிளம்பி வந்து இவர் செய்ததை, விளக்கை அணைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

மாலையில் வீட்டில் சொன்னார். கணவர் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே கேட்டார். கேலி ஏதும் செய்யவில்லை.

"அப்ப நீ இல்லாட்டியும் அதுங்க பிரியும்?"

"பிரியும். பாட்டில மூடி வெச்சா போதும்."

"நல்லதா போச்சு" என்றார். தைலப் புட்டியை மூடிவிட்டு, "உனக்கு அழுகை வருதா?" என்று கேட்டார்.

"தெரியல. ரொம்ப அசதியா இருக்கு. இவ்வளவு அசதியா இருந்தேன்னு இப்பத்தான் தெரியுது."

மறுநாள் மேடம் அறையில் மறுபடி பேனாக்கள். ஊதாத் தாளை ஒரு பக்கம் ஒட்டிவைத்துக்கொண்டு மேடம் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். பாடம் எடுத்த வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஹூட்டுக்கு மஞ்சள் விளக்கு போடச் சொல்லியாகிவிட்டது என்றார். பாட்டில்களுக்கு உறை. பிறகு செல்லக்காவைப் பார்த்தார்.

"விளக்கோ என்னமோ, கடைசிக் குப்பிய உங்க கையாலதான்க்கா திறக்கணும். எனக்கு அதான் நிம்மதி."

ரோசக்காரி பக்கத்தில் நின்றுகொண்டு வேகமாகத் தலையாட்டினாள். "ஆமாக்கா. ப்ளீஸ்."

"போன வெள்ளிக்கிழம சொல்லியிருந்தீங்கன்னா ஓடி வந்திருப்பேன் மேடம்." செல்லக்காவின் குரலில் கோபம் இல்லை, பஸ்ஸில் இடம் கிடைத்தவர் குரல் மாதிரி இருந்தது. "கையில ஒண்ணும் இல்லன்னு தாள்லயே தெரிஞ்சுபோச்சு. இவ திறக்கட்டும். வெந்நீர்ல ரொம்ப நேரம் ஆட்டக்கூடாது, அவ்வளவுதான். எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்."

"ஒரு வாரமா?" மேடம் கையிலிருந்த பேனா நழுவியது. "ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணுமில்ல. தூங்கணும்."

"நடுவுல சந்தேகம் வந்தா போன் பண்ணலாமாக்கா?" என்றாள் ரோசக்காரி.

"பண்ணு. எடுக்க மாட்டேன்."

மூக்கு சிவக்கும் என்று எதிர்பார்த்தார். சிவக்கவில்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டாள், இந்த முறை நல்ல சிரிப்பு.

வியாழக்கிழமை காலை ரோசக்காரி கடைசிக் குப்பியைத் திறக்கிறாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை செல்லக்கா வேலைக்குத் திரும்புகிறார், அதே மாடிக்கு, அதே அறைக்கு. இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை செல்களுக்கு ஊட்டப்போவது மேடம்.